கருந்தங்கமா, கருப்புப் பெயிண்டா? உவரிப் பக்கம் வெயிலில் தண்ணீர் வடிக்க ஒரு யோசனை வேண்டும்

வள்ளியூர்ப் பட்டறை:
எல்லாருக்கும் வணக்கம். வள்ளியூரில் சின்னதாக ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். கேட், கிரில்தான் முக்கால்வாசி வேலை. கொஞ்ச காலமாகக் கருவாடு காயவைக்கும் சோலார் டிரையரும் செய்து கொடுக்கிறேன். இப்போது உவரிக்கும் கூத்தங்குழிக்கும் நடுவில் ஒரு குடியிருப்பில், போர்த் தண்ணீர் வாயில் வைக்க முடியவில்லை, வெயிலிலேயே தண்ணீர் வடிக்கும் பெட்டி செய்து தருவீர்களா என்று கேட்கிறார்கள். பெட்டி பெரிய வித்தை இல்லை. தொட்டி, மேலே சாய்வாகக் கண்ணாடி, கண்ணாடி அடியில் வாய்க்கால். தொட்டிக்குள் அலுமினியத் தகட்டுக்கு மேட் பிளாக் பெயிண்ட் அடித்துவிடுவேன்.

நேற்று மச்சினன் ஒரு காணொலி காட்டினான். தங்கத்தையே கருப்பாக்கி இருக்கிறார்களாம், வெயிலை ஒரு சொட்டு விடாமல் குடிக்குமாம், கடல் தண்ணீரைக் குடிதண்ணீர் ஆக்குமாம். எனக்கு இரண்டு கேள்வி. உலோகம் என்றாலே பளபளப்புதானே, பெயிண்ட் பூசாமல் அது எப்படிக் கருப்பாகும்? அதை நம்ம பெட்டிக்குள் போட்டால் தண்ணீர் கூடுமா? கணக்கோடு சொன்னால் புண்ணியமாகப் போகும்.

பொருநை இயற்பியல்:
அண்ணாச்சி, முதல் கேள்விதான் எனக்குப் பிடித்த கேள்வி. ஆராய்ச்சிப் படிப்பில் இதையேதான் மேய்ந்துகொண்டிருக்கிறேன்.

உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் கட்டில்லாமல் திரிகின்றன. ஒளி வந்து விழுந்ததும் அவை அதன் தாளத்துக்கு அசைந்து, உள்ளே புகவிடாமல் திருப்பி அனுப்பிவிடுகின்றன. ஒளி நுழைவதே சில பத்து நானோமீட்டர் ஆழம்தான். அதனால்தான் தகடு பளபளக்கிறது. அதே உலோகத்தைச் சில பத்து நானோமீட்டர் உருண்டைகளாக உடைத்தால் கதை மாறுகிறது. எலக்ட்ரான்கள் ஓட இடமில்லை. உருண்டைக்குள்ளேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஊசலாடுகின்றன. ஒரு குறிப்பிட்ட நிறத்தில் அந்த ஆட்டம் உச்சத்துக்குப் போகும், அந்த நிற ஒளி மட்டும் மாட்டிக்கொள்ளும். தங்க உருண்டைக்கு அது 520 நானோமீட்டர் அருகில், பச்சை. பச்சை போனதால் மிச்சம் சிவப்பாகத் தெரியும். ஃபாரடே 1857-இல் செய்த தங்கக் கரைசலின் சிவப்பு இதுதான். 1908-இல் ஜெர்மன் இயற்பியலாளர் குஸ்டாவ் மீ அதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்.

ஆனால் ஒரே அளவு உருண்டை ஒரே நிறத்தைத்தான் பிடிக்கும். நெல்லையப்பர் கோயில் இசைத்தூணில் ஒவ்வொரு சிறு தூணும் தனக்கென்று ஒரு சுரம் வைத்திருக்கிறதல்லவா, அது மாதிரி. எல்லா நிறத்தையும் பிடிக்க வேண்டுமானால் அளவும் இடைவெளியும் பலவிதமாகக் கலந்திருக்க வேண்டும். காணொலியில் வந்தது மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் விவேக் போல்ஷெட்டிவார் குழு 2019-இல் வெளியிட்டதாக இருக்கும். நார் நாராக விரிந்த சிலிக்கா உருண்டை மேல் தங்கத் துகள்களை வளர்த்தார்கள். துகள்கள் நெருங்க நெருங்க ஒன்றின் ஆட்டம் மற்றதைப் பாதித்து, உறிஞ்சும் பட்டை அகலமாகிக்கொண்டே போய், கடைசியில் கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு அண்மை அகச்சிவப்பும் அகப்பட்டது. தங்கம் கருப்பானது இப்படித்தான்.

சும்மா வந்தவன்:
தங்கத்தைத் தொட்டிக்குள் போட்டுக் கடற்கரையில் வைத்தால், தண்ணீரை விடப் பெட்டிக்குக் காவல் போடுவதுதான் செலவு.

ஸ்டுடியோக்காரர் மகன்:
உலோகம் கருப்பாகுமா என்று அண்ணாச்சி ஆச்சரியப்படுகிறார். அண்ணாச்சி வீட்டுச் சுவரிலேயே தொங்கும்! பழைய கருப்பு வெள்ளைப் போட்டோவில் இருக்கும் கருப்பு மை இல்லை, சாயம் இல்லை, சுத்தமான வெள்ளி.

எங்க அப்பா பாளையில் ஸ்டுடியோ வைத்திருந்தார். சிவப்பு விளக்கில் டெவலப்பர் தட்டுக்குள் காகிதத்தை முக்கினால் முதலில் ஒன்றுமே இருக்காது. அப்புறம் தலைமுடி, கண்ணின் பாப்பா, சேலைக் கரை என்று கருப்பு ஏற ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் நடப்பது இதுதான்: வெள்ளி புரோமைடு மணி ஒவ்வொன்றிலிருந்தும் வெள்ளி இழை இழையாக வெளியே தள்ளிக்கொண்டு வரும். இழையின் தடிமன் சில பத்து நானோமீட்டர். அந்தச் சிக்கலுக்குள் போன ஒளி திரும்பி வராது. படத்தை நிலைநிறுத்தக் கழுவும் கரைசலான ஹைப்போவைச் சும்மா ஊற்ற மாட்டோம். காகிதத்தில் நிற்காத வெள்ளி எல்லாம் அதற்குள் போயிருக்கும், அதை எடுப்பதற்கென்றே ஆட்கள் வந்து வாங்கிப் போவார்கள்.

இன்னொன்று. கலர் ஃபிலிமில் மேல் அடுக்குக்குக் கீழே ஒரு மஞ்சள் வடிகட்டி அடுக்கு உண்டு. நீல ஒளி கீழே இறங்கி மற்ற அடுக்குகளைக் கெடுக்காமல் தடுக்க வைத்தது. அதுவும் வெள்ளிதான்! கேரி லீ வெள்ளி என்பார்கள். சின்ன உருண்டைகளாக இருப்பதால் நீலத்தை மட்டும் தின்று மஞ்சளாகத் தெரியும். ஒரே உலோகம்: உருண்டையாக இருந்தால் மஞ்சள், இழைச் சிக்கலாக இருந்தால் கருப்பு, தகடாக இருந்தால் கொலுசு.

ரொம்பப் பழைய போட்டோ இருந்தால் சன்னல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். கருப்பான இடங்களின் ஓரத்தில் நீலமாக, கண்ணாடி மாதிரி ஒரு மினுமினுப்பு இருக்கும். ஈரக்காற்று பட்டுப் பட்டு, வெள்ளி மெல்ல மேலே நகர்ந்து படலமாகப் படிந்ததால் வருவது அது. தாத்தா படத்தைத் துணியால் தேய்த்துத் துடைக்கப் போகாதீர்கள், படமே போய்விடும்.

பொருநை இயற்பியல்:
அண்ணே, அருமை. இதை என் ஆய்வேட்டின் முன்னுரையில் போட வேண்டும் போல இருக்கிறது.

அதோடு சேர்த்து ஒன்று சொல்கிறேன். பட்டை அகலமாக வேண்டும் என்றால் பல அளவு கலப்பது ஒரு வழி. உலோகத்தையே மாற்றுவது இன்னொரு வழி. வெள்ளியில் எலக்ட்ரான் ஆட்டம் சுலபமாக அடங்காது, அதனால் கூர்மையாக ஒரு நிறத்தைப் பிடிக்கும். நிக்கல், குரோமியம், டங்ஸ்டன் இவற்றில் ஆட்டம் சீக்கிரம் அடங்கி வெப்பமாகிவிடும். ஒளியியல் ஆட்கள் இவற்றை மட்டமான உலோகம் என்று ஒதுக்குவார்கள். உறிஞ்சுவதற்கோ அந்த மட்டம்தான் நல்லது. வெள்ளியை வைத்தே செய்தவர்களும் உண்டு: அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்தில் ஆட்வாட்டர் குழு 2011-இல் வெள்ளி, சிலிக்கா, வெள்ளி என்று அடுக்கி, மேல் அடுக்கைக் கோணல் நாற்கரமாக வெட்டினார்கள். ஒரு ஓரம் அகலம், மறு ஓரம் குறுகல் என்பதால் ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு நிறத்தைப் பிடித்தது. மொத்தத் தடிமன் 260 நானோமீட்டர், 400 முதல் 700 வரை சராசரியாக 71 சதவீதம் உறிஞ்சியதாக அளந்தார்கள். வடிவமைப்பு அழகு, ஆனால் எலக்ட்ரான் கற்றையால் வரைந்து செய்யும் வேலை. தகட்டுக் கணக்கில் ஆகாது.

ரிட்டயர்டு வாக்குவம்:
தம்பிமார்களே, கருந்தங்கம் 2019-இல் பிறந்ததில்லை. 1930-களிலேயே அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஃபண்ட் என்பவர் பிஸ்மத்தில் கருப்புப் படிவு செய்தார். 1940-களில் அதே நாட்டின் எம்.ஐ.டி.யில் ஹாரிஸ் தங்கத்தில் செய்தார். நான் வேலை பார்த்த காலத்தில் அகச்சிவப்பு உணரிகளுக்காக இதைச் செய்திருக்கிறோம்.

செய்முறை கேளுங்கள். பெல் ஜார் என்னும் கண்ணாடிக் கூண்டில் காற்றை நன்றாக இழுத்துவிட்டு, டங்ஸ்டன் படகில் தங்கத்தைச் சூடாக்கினால் எதிரே இருக்கும் கண்ணாடியில் பளபளவென்று தங்க முலாம் விழும். அதே வேலையைக் கொஞ்சம் நைட்ரஜன் உள்ளே விட்டு, சில டார் அழுத்தத்தில் (சாதாரணக் காற்றழுத்தம் 760 டார்) செய்து பாருங்கள். தங்க ஆவி வாயுவில் முட்டி வழியிலேயே குளிர்ந்து, ஒன்றோடு ஒன்று ஒட்டி, புகைக்கரியாக வந்து படியும். வெல்வெட் கருப்பு. ஜாரை மெல்லத் திறக்க வேண்டும், காற்று வேகமாகப் பட்டாலே குலைந்துவிடும். அதன் பெரும்பகுதி வெறும் இடைவெளிதான், தங்கம் கொஞ்சம்தான். விரலால் ஒரு இழுப்பு இழுத்தால், கருப்பு அமுங்கி அந்தக் கோடு மட்டும் மஞ்சள் தங்கமாக மின்னும். புதிதாக வேலைக்கு வருகிற பையன்களுக்கு முதல் நாள் அதைத்தான் காட்டுவோம்.

இவ்வளவு நொய்மையான பொருளை எதற்குச் செய்தார்கள் என்றால், எடை இல்லை, அதனால் ஒளி பட்டதும் சட்டென்று சூடேறும். கண்ணுக்குத் தெரியும் ஒளி முதல் நெடுந்தூர அகச்சிவப்பு வரை ஒரே மாதிரி உறிஞ்சும். உணரிக்கு அந்த அகலம்தான் உயிர். உப்புத் தண்ணீர்த் தொட்டிக்கு இது ஆகவே ஆகாது, சொல்லிவிட்டேன்.

சும்மா வந்தவன்:
லேசர் அடித்தே கருப்பாக்கலாமாமே? எங்க தெருவில் லேசர் மார்க்கிங் மிஷின் இருக்கிறது.

பொருநை இயற்பியல்:
2006-இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சுன்லெய் குவோ குழு செய்தது ஃபெம்டோ நொடித் துடிப்பு லேசரில், அதாவது நொடியின் கோடி கோடியில் ஒரு பங்கை விடக் குறைந்த நேரமே அடிக்கும் லேசரில். அது உலோகத்தின் மேல் நானோ மேடு பள்ளங்களை உழுதுவிடும், பூச்சே இல்லாமல் கருப்பு. உங்க தெரு மிஷின் எவர்சில்வரில் கருப்பாக எழுத்து எழுதும், சரி. ஒரு சதுர மீட்டரை அதை வைத்து நிரப்பப் போனால் மிஷின்காரர் கடையைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார்.

பாளை டீச்சர்:
எல்லாரும் எவ்வளவு கருப்பு என்றே பேசுகிறீர்கள். அண்ணாச்சி கேட்டது தண்ணீர். நான் கணக்குக்கு வருகிறேன்.

உச்சி வெயில் சதுர மீட்டருக்கு 1000 வாட் என்று வைப்போம். நல்ல மேட் பிளாக் பெயிண்ட் 95 சதவீதம் உறிஞ்சும், அதாவது 950 வாட். 99 சதவீத நானோ உலோகம் 990. லாபம் 40 வாட்.

இப்போது மறுபக்கம். தகடு சூடானால் அதுவும் கதிர்வீசும். எந்த அலைநீளத்தில் நன்றாக உறிஞ்சுகிறதோ அதில் நன்றாகவே வீசவும் செய்யும், கிர்ச்சாஃப் விதி. 80 டிகிரி தகடு, 30 டிகிரி சுற்றுப்புறம் என்றால் முழுக் கருப்பு இழப்பது சுமார் 400 வாட். கண்ணாடி மூடியிருந்தால் ஏறக்குறைய பாதி. ஆக 40 வாட் சம்பாதிக்க ஓடுகிறோம், 200 வாட் பின்வாசலில் போய்க்கொண்டிருக்கிறது.

வெயிலின் சக்தி ஏறக்குறைய எல்லாமே 2.5 மைக்ரோமீட்டருக்குள் முடிந்துவிடும். 80 டிகிரித் தகடு வீசுவதின் உச்சம் 8 மைக்ரோமீட்டர் அருகில். நடுவில் இடைவெளி இருக்கிறது. அதுவரை கருப்பாக இருந்து, அதற்கப்பால் கண்ணாடியாக மாறும் பரப்புதான் நமக்கு வேண்டும். 1955-இல் இஸ்ரேல் விஞ்ஞானி ஹாரி டேபர் இதைத்தான் சொன்னார். சீனாவின் நான்ஜிங் பல்கலைக்கழகக் குழு 2016-இல் தங்கத் துகளால் செய்த பரப்பு 400 நானோமீட்டர் முதல் 10 மைக்ரோமீட்டர் வரை 99 சதவீதம் உறிஞ்சுகிறது. கேட்க வாய் பிளக்கும். காய்ந்த வெயில் தகட்டுக்கோ அந்த அகலம் நஷ்டம்.

இந்தத் தேர்ந்து உறிஞ்சும் பரப்பைத் தேடி எங்கும் போக வேண்டாம். மாடியில் கண்ணாடிக் குழாய் வைத்த சோலார் ஹீட்டர் இருந்தால், உள்குழாயின் நீலம் கலந்த கருப்பைப் பாருங்கள். பல குழாய்களில் அது அலுமினியம் நைட்ரைடுக்குள் நானோ அளவில் உலோகம் பதிந்த பூச்சு. தட்டை ஹீட்டர்களிலும் அனோடைஸ் செய்த, அதாவது மின்சாரத்தால் ஆக்சைடு படலம் வளர்த்த, அலுமினியத்தின் நுண்துளைகளுக்குள் நிக்கல் ஏற்றிச் செய்வது பல வருடப் பழக்கம். நானோ உலோகம் நம்ம மாடிக்கு வந்து வருடக்கணக்காகிவிட்டது, பேரைச் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

வள்ளியூர்ப் பட்டறை:
டீச்சர், அப்படியானால் தொட்டி அடியில் நிக்கல் ஏற்றின அலுமினியத் தகடு வாங்கிப் போட்டால் அந்த 200 வாட் மிச்சமாகுமா?

பொருநை இயற்பியல்:
ஆகாது அண்ணாச்சி. டிரையருக்கு அது பொருந்தும், வடிக்கும் பெட்டிக்குப் பொருந்தாது. தகட்டுக்கு மேல் தண்ணீர் நிற்கிறதே! 8, 10 மைக்ரோமீட்டர் கதிரைத் தண்ணீர் சில பத்து மைக்ரோமீட்டர் தடிமனிலேயே முழுங்கிவிடும். வெளியே பார்த்துக் கதிர்வீசுவது தண்ணீர்தான், தகடு இல்லை. அடியில் தங்கம் போட்டாலும் தார் பூசினாலும் அந்தக் கதிருக்கு ஒன்றுதான்.

பாளை டீச்சர்:
அது உண்மை. ஆனால் தம்பி, அதே காரணத்தால்தான் 99 சதவீதம் என்ற பெருமையும் தண்ணீருக்குள் போனால் தேய்ந்துவிடும் என்கிறேன். கண்ணாடியே வெயிலில் 8 சதவீதம் போலத் திருப்பிவிடுகிறது. ஆடிக் காற்றில் தேரி மண்ணும் உப்புச் சாரலும் சேர்ந்து அந்தக் கண்ணாடியில் அப்பினால் இன்னும் போகும். நாலு சதவீதத்துக்கு நானோ தேடுவதற்கு முன்னால் காலையில் ஒரு ஈரத்துணி.

லிட்டர் கணக்கு: ஒரு நாளில் சதுர மீட்டருக்கு 5 யூனிட் வெயில் என்று கொண்டால் 18,000 கிலோஜூல். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2400 கிலோஜூல். ஒரு சொட்டு வெப்பம்கூட வீணாகாமல் இருந்தாலே ஏழரை லிட்டர்தான். சாதாரணப் பெட்டியில் மூன்று, நாலு லிட்டர் கிடைக்கும். பெயிண்டை மாற்றி 95-ஐ 99 ஆக்கினால் அதில் கூடுவது ஒரு டம்ளர்.

நிறமாலை நோண்டி:
நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். 99 சதவீதம் என்று யாராவது தகடு விற்க வந்தால், எதில் அளந்தீர்கள் என்று முதலில் கேளுங்கள். சொரசொரப்பான பரப்பு ஒளியை நாலாபக்கமும் சிதறடிக்கும். கண்ணாடி பிரதிபலிக்கும் கோணத்தில் மட்டும் உணரியை வைத்து அளந்தால், அங்கே ஒளி வராததால் எல்லாமே உறிஞ்சிவிட்டதாகக் காட்டும். வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரைக்கூட அப்படி அளந்து கருப்பு என்று நிரூபிக்கலாம். உள்ளே வெள்ளை பூசிய ஒருங்கிணைப்புக் கோளத்துக்குள் வைத்து, சிதறியது முழுவதையும் கூட்டி அளந்திருக்க வேண்டும். 300 முதல் 2500 நானோமீட்டர் வரை அளந்த வரைபடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கண்ணுக்குக் கருப்பாகத் தெரிவது வெயிலில் பாதிக்குத்தான் சாட்சி, மிச்சப் பாதி அகச்சிவப்பு.

வள்ளியூர்ப் பட்டறை:
அப்படியானால் தண்ணீர் வடிக்க இந்த நானோ ஆட்கள் உண்மையில் என்னதான் செய்தார்கள்? சும்மா பேப்பருக்காகவா?

பொருநை இயற்பியல்:
சும்மா இல்லை. அவர்களின் உண்மையான லாபம் வெப்பத்தை எங்கே வைத்தார்கள் என்பதில் இருக்கிறது. அதே நான்ஜிங் குழு அந்த வருடமே அலுமினியத்திலும் செய்தது. நுண்துளை அலுமினாவுக்குள் (அலுமினிய ஆக்சைடு) அலுமினியத் துகள்கள், 96 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சியது, விலை மலிந்த உலோகம். அது தண்ணீரில் மிதக்கும். வெயில் மேல்தோலில் மட்டும் விழுந்து, துளைவழியே ஏறும் கொஞ்சம் தண்ணீரை மட்டும் சூடாக்கும். கீழே இருக்கும் தண்ணீர் சூடேறாமலே கிடக்கும்.

உங்க தொட்டியில் 10 சென்டிமீட்டர் தண்ணீர் நிறுத்தினால் சதுர மீட்டருக்கு 100 லிட்டர். அதை 30-இல் இருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவரவே மூன்றரை யூனிட் போய்விடும். நாளின் வெயிலில் பெரும்பங்கு அது. இராத்திரி கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், பாதி பக்கவாட்டில் ஒழுகிவிடும். இரண்டு சென்டிமீட்டர் நிறுத்தினால் 0.7 யூனிட்தான். பெயிண்டை மாற்றுவதை விட இது எத்தனை மடங்கு என்று நீங்களே பாருங்கள். தெர்மாகோல் பலகை மேல் கருப்புக் காடாத் துணியைப் போர்த்தி, ஓரங்களைத் தண்ணீரில் தொங்கவிட்டால், மிதக்கும் நானோ படலத்தின் வேலையில் பெரும்பகுதியை அது செய்துவிடும்.

ரிட்டயர்டு வாக்குவம்:
துணி சரி, உப்பு? கடல் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம். நாலு லிட்டர் வடித்தால் 140 கிராம் துணி மேலேயே நிற்கும். வெள்ளையாகப் பூத்ததும் கருப்பு எங்கே இருக்கும்? நானோ துளை என்றால் முதலில் அடைவதே அதுதான். குளோரைடு அலுமினியத்தை ஊசி குத்தின மாதிரி அரிக்கும். பரப்பு கூடினால் அரிப்பும் கூடும். ஆய்வுக்கூடத்தில் நன்றாக ஓடியது உவரிக் காற்றில் எத்தனை நாள் தாங்கும் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

பாளை டீச்சர்:
பெயிண்டைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. மூடிய பெட்டிக்குள் 60, 70 டிகிரியில் புதுப் பெயிண்டின் கரைப்பான் ஆவியாகித் தண்ணீரோடு சேர்ந்தே கண்ணாடியில் படியும். முதல் வாரத் தண்ணீரில் வாடை அடிப்பது அதனால்தான். குடிக்கிற தண்ணீருக்குப் பெயிண்ட் வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். உணவுத்தரக் கருப்பு எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் ஷீட் போடுங்கள்.

வள்ளியூர்ப் பட்டறை:
சரி, இப்படிச் செய்கிறேன். தொட்டிக்கு எச்.டி.பி.இ. ஷீட், தண்ணீர் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் நிற்காமல் ஒரு வழிந்தோடி, அடியிலும் பக்கத்திலும் இரண்டு இன்ச் தெர்மாகோல். ஒரு பெட்டி துணி போட்டு, ஒன்று போடாமல். கருவாட்டு டிரையருக்கு மட்டும் நிக்கல் ஏற்றின தகடு கோயம்புத்தூரில் விசாரிக்கிறேன். உப்பை எப்படி வெளியேற்ற? தினமும் பெட்டியைத் திறந்து கழுவ அந்த வீட்டு அம்மாக்களுக்கு நேரமில்லை.

ரிட்டயர்டு வாக்குவம்:
திறக்கவே வேண்டாம். விடியற்காலையில் வெயில் ஏறும் முன்னால், முந்தின நாள் வடிந்ததைப் போல இரண்டு பங்கு தண்ணீரை ஒரு பக்கம் ஊற்றினால், கெட்டியான உப்பு நீர் மறுபக்கம் வழிந்தோடியில் தானே போய்விடும். வழிந்தோடிக் குழாயைத் தொட்டியின் அடிமட்டத்திலிருந்து எடுத்து மேலே வளைத்துவிடுங்கள், உப்பு கனம், அடியில்தான் கிடக்கும். கொட்டும் இடம் கிணற்றுப் பக்கமாக இல்லாமல் கடல் பக்கமாக இருக்கட்டும்.